பஞ்சமும் பாதிரியும்

மழை பெய்தால் கடவுள் கருணை, பெய்யாவிட்டால் கடவுள் கோபம் என்பது எல்லா மதக்காரருக்கும் பொதுவான வியாபாரச் சரக்கு. இந்தச் சரக்கை விற்பதில் இந்து, கிறிஸ்தவன், பௌத்தன் என்ற பேதமே கிடையாது. இதற்கு ருசுவாக ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுகிறோம். அவரை இழிவு செய்வது நமது எண்ணமல்ல. அவர் யோக்கியர், இரக்கமுள்ளவர். ஆதலாலேயே அவருடைய சரித்திரம் நமக்கு உபயோகப்படுகிறது.

திமோத்தி ரிச்சர்டு என்பவர் 1845-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். பாப்டிஸ்டு மிஷனால் அனுப்பப்பட்டு 1870-ல் சீனாவில் போய் இறங்கினார். ஷான்டுங் மாகாணத்தில் சீன உடை உடுத்தி, சீன பாஷை பேசி, ஜனங்களோடு ஜனமாக இருந்தார். 1876-ல் அங்கு மழை பொய்த்தது. அப்போது அவருக்கு வயது முப்பது.

மழை பொய்த்தால் அந்நாட்டு அதிகாரிகள் செய்யும் வழக்கம் என்னவென்றால், கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிடுவதும், ஊரில் யாரும் மாமிசம் வெட்டக்கூடாது என்று உத்தரவு போடுவதுமேயாகும். நமது பாதிரியார் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய்க் கோட்டை வாசல்களில் விளம்பரம் ஒட்டினார். மழை வேண்டுமானால் செத்த விக்கிரகங்களை விட்டுவிட்டு ஜீவனுள்ள கடவுளைத் தொழுங்கள் என்பதே அதன் சாரம்.

பலன் என்ன? பழைய கடவுளும் மழை தரவில்லை. புதிய கடவுளும் மழை தரவில்லை. பஞ்சம் ஷான்டுங்கைத் தாண்டி ஐந்து மாகாணங்களில் பரவி 1879 வரை நின்றது. மாண்டவர்கள் 90 லட்சத்திலிருந்து 130 லட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள்.

விளம்பரம் தோற்ற இடத்தில் பாதிரியாரின் மனிதத்தன்மை வேலை செய்தது. துறைமுகப் பட்டணங்களுக்கு எழுதிப் பணம் சேர்த்தார். பசித்த கூட்டம் முண்டியடித்து ஒருவரையொருவர் மிதித்துக் கொல்லாதபடி எல்லோரையும் வரிசையாகத் தரையில் உட்கார வைத்துக் காசு கொடுத்தார். இந்த யோசனை இயேசு ஜனங்களை உட்கார வைத்து உணவிட்ட கதையிலிருந்து வந்தது என்று அவரே சொல்லிக்கொண்டார். வரட்டும், நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் தோழர்களே, இங்கே ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பெருகவில்லை. எத்தனை காசு கையில் இருந்ததோ அத்தனை பேருக்குத்தான் கிடைத்தது!

1877 கடைசியில் இன்னும் கொடிய பஞ்சத்தில் கிடந்த ஷான்ஸி மாகாணத்துக்குப் போனார். அங்கே ஜனங்கள் மரப்பட்டையையும் களிமண்ணையும் தின்றார்கள். வீட்டைப் பிரித்து மரத்தை விற்றார்கள். பெண்டு பிள்ளைகளை விற்றார்கள். பாதையெங்கும் பிணம். அதே சமயத்தில் தியன்ஜின் துறைமுகத்தில் தானியம் குவிந்து கிடந்தது. மலைக்கணவாய் வழியாக அதைக் கொண்டுபோன ஒட்டகமும் கழுதையும் பாதையிலேயே விழுந்து செத்தன. ரயில் பாதை கிடையாது. தானியம் இருந்தும் வழியில்லாமல் ஜனங்கள் செத்தார்கள் என்றால், இதில் விக்கிரகத்தின் குற்றமென்ன, விசுவாசத்தின் குறைவென்ன?

அதே 1876-78-ல்தான் நமது சென்னை மாகாணத்திலும் தாது வருஷப் பஞ்சம். பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறினால் இங்கே பருவக்காற்று கெட்டுப்போகும் என்று இன்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கடல் சூடே இரண்டு நாட்டையும் சேர்த்து அடித்தது. சமுத்திரம் யார் சிலுவை போட்டவன், யார் நாமம் போட்டவன் என்று பார்த்ததா?

சீனாவில் ரயில் இல்லை. இங்கே ரயில் இருந்தது. இருந்தும் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். ஏன்? ரயில் தானியத்தைப் பசித்தவனிடம் கொண்டு போகாமல் பணம் இருந்தவனிடம் கொண்டு போயிற்று. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணிக்குப் பட்டம் சூட்டித் தர்பார் நடத்திய சர்க்கார், அதே வருஷம் பஞ்ச வேலைக்காரனின் கூலியை ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தது. கோயில் களஞ்சியத்து நெல்லில் எத்தனை மரக்கால் சேரிக்குப் போயிற்று என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும்! ஆகவே இயந்திரம் மட்டும் போதாது. மனிதனை மனிதனாக மதிக்கும் அறிவும் வேண்டும்.

ரிச்சர்டுக்குப் பஞ்சம் பாடம் கற்பித்தது. தொலைநோக்கி, நுண்ணோக்கி, மின்சாரக் கருவிகள் எல்லாம் வாங்கி, 1880-க்குப் பின் தையுவான் நகரத்து அதிகாரிகளுக்கு விஞ்ஞானப் பிரசங்கம் செய்தார். இயற்கையை அறிந்து ஆண்டால் பஞ்சத்தைத் தடுக்கலாம் என்பதே அவர் வாதம். கடவுளை அவர் விடவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பஞ்சத்துக்கு மருந்தாக எடுத்தது பைபிளை அல்ல, மின்சாரக் கருவியை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 1900-ல் வடசீனாவில் மறுபடியும் மழையில்லை. இந்தத் தடவை விளம்பரம் ஒட்டியவர்கள் பாக்ஸர்கள். மாதாகோயில்கள் வானத்தை அடைத்துவிட்டன, அதனால்தான் மழையில்லை என்று அதில் எழுதினார்கள். ஷான்ஸியில் பாதிரிமார்களும், அவர்கள் பெண்டு பிள்ளைகளும், சீனக் கிறிஸ்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1876 விளம்பரத்துக்கும் 1900 விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்? முன்னதை ஒட்டியவர் கையில் காசுப்பை இருந்தது; பின்னதை ஒட்டியவன் கையில் கத்தி இருந்தது. மூடநம்பிக்கை ஒன்றுதான். சிந்திய ரத்தத்துக்குப் பணம் கேட்பதைவிட அந்தப் பணத்தில் கல்விச்சாலை வையுங்கள் என்று சொன்னவர் ரிச்சர்டு. 1902-ல் ஷான்ஸி சர்வகலாசாலை ஏற்பட்டது.

1920-21-ல் அதே வட மாகாணங்களில் மறுபடி கடும் வறட்சி. அப்போது ரயில் இருந்தது, நிவாரணக் கமிட்டி இருந்தது. செத்தவர்கள் சுமார் 5 லட்சம். இதுவும் கொடுமைதான். ஆனாலும் சுமார் ஒரு கோடிப் பேர் செத்த இடத்தில் லட்சக்கணக்கோடு நின்றதற்கு எந்தச் சாமி காரணம்?

சீனாக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, கோயில்களில் மழைக்காக யாகமும் ஜபமும் செய்யும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டதே! ஏரியில் மண் மூடியதற்கும் வாய்க்காலை அடைத்து வீடு கட்டியதற்கும் வருணன் ஜவாப்தாரியா?

வறட்சி இயற்கை; அதைத் தடுக்க முடியாமல் போகலாம். பட்டினிச்சாவு இயற்கையல்ல, அது மனிதனுடைய அறியாமையும் அயோக்கியத்தனமும் சேர்ந்து செய்வது. பாதிரியாரின் இரக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய விளம்பரத்தைக் கிழித்தெறியுங்கள். மழை இல்லையென்று பூசாரி தட்டை நீட்டினால், போன வருஷம் ஏரியைத் தூர் வாரினார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கிறவன்தான் சுயமரியாதைக்காரன்.