விமான தளத்தில் ஒரு கார் பந்தயம்

பிளேன் இறங்குற இடத்துல கார் பந்தயமா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள பர்க் லேக்ஃபிரன்ட் விமான நிலையத்தில் 1982 முதல் 2007 வரை நடந்திருக்கிறது. பந்தயம் வந்தால் விமானங்களுக்கு லீவு! ஃபார்முலா ஒன் மாதிரியே சக்கரம் வெளியே தெரியும் கார்கள். முதல் வருஷம் ஜெயித்தவர் பாபி ரேஹால்.

தெருப் பந்தயத்தில் கார் நம்மைத் தாண்டி 'விர்'ரென்று போகும், அவ்வளவுதான். இங்கே மறைக்க மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. கேலரியில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட மொத்தச் சுற்றும் தெரியும். ஓடுதளம் ரொம்ப அகலம், அதனால் முதல் வளைவுக்குக் கும்பலாகப் பாய்வார்கள். அப்புறம் என்ன, டமால்தான்! 1997-இல் அலெக்ஸ் ஜனார்டி தண்டனை வாங்கி வெகுவாகப் பின்தங்கியும் முந்தி வந்து ஜெயித்தார். 2003-இல் ராத்திரியில் விளக்கு போட்டே நடத்தினார்கள்.

அப்படிப்பட்டது ஏன் நின்றது? என்னைக் கேட்டால் கோஷ்டிச் சண்டைதான். 1996-இல் அந்தப் பந்தய உலகம் இரண்டாக உடைந்தது. ரசிகர்களும் விளம்பரப் பணமும் பிரிந்தன. மட்டைக்காரனும் பந்துக்காரனும் கோபித்துக்கொண்டால் நம்ம கிரிக்கெட் என்ன ஆகும்? அதே கதை. 2008-இல் இரண்டும் ஒன்று சேர்ந்தன, ஆனால் கிளீவ்லாந்தை விட்டுவிட்டார்கள். ஒன்றுமே சரியாகத் தெரியாத தெருப் பந்தயங்களை வைத்துக்கொண்டு இதை ஏன் விட்டார்கள் என்பதுதான் என் கோபம்.