பேட்டண்ட் எண் என்ன, ஐ.எஸ்.ஐ. முத்திரையா?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையிலும் சரி, ஆரணி அரிசி ஆலைகளுக்கு எலிவேட்டர் பொருத்துகிறவர்கள் மத்தியிலும் சரி, பேட்டண்ட் என்றதும் ஒரே பேச்சுத்தான்: "கவர்மெண்டே சோதிச்சுக் கொடுக்குது. உலகத்துல யாருமே செய்யாததுக்குத்தான் கிடைக்கும். வாங்கிட்டா அப்புறம் உட்கார்ந்து சாப்பிடலாம்."

முதலில் அந்தச் 'சோதிச்சு'. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவைப் படித்தாலே போதும். அதிகாரிகள் பரிசீலித்தார்கள் என்பதற்காக அந்தக் காப்புரிமை செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என்கிறது அது. மிர்சாப்பூர் பாத்திரக் கம்பெனி ஒன்று, கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியது. அதே ஊர்ப் போட்டிக் கம்பெனிமேல் வழக்கும் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978இல் காப்புரிமையே ரத்தானது. லேத்தில் பழகிய எவருக்கும் தோன்றக்கூடிய பட்டறைத் திருத்தம், கண்டுபிடிப்பு அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்டவரே கையிலிருந்ததை இழந்தார்!

அப்படியானால் எல்லாமே புத்தம் புதிதாக இருக்க வேண்டுமோ? அதுவும் இல்லை. ஆலையில் குழியிலிருந்து நெல்லை மேலே ஏற்றும் வாளிப் பட்டையைப் பாருங்கள். ஆலிவர் எவன்ஸ் என்ற அமெரிக்கர் இதையும் திருகுக் கன்வேயரையும் கோத்து, தானியம் மூட்டையிலிருந்து மாவாகும்வரை ஆள் சுமக்கவே தேவையில்லாத மாவு ஆலையை அமைத்தார். 1790இல் அமெரிக்கா கொடுத்த மூன்றாவது காப்புரிமை அவருடையது. முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் 1813இல் ஒரு கடிதத்தில் இதைப் பிய்த்து உதறினார்: வாளிப் பட்டை பாரசீக நீர்ச்சக்கரம், திருகு ஆர்க்கிமிடீஸுடையது, எவன்ஸுடையது என்ன இருக்கிறது? ஜெபர்சன் உறுப்புகளை எண்ணினார், ஆலையைப் பார்க்கவில்லை என்பேன். நம் சட்டத்தின் 3(f) பிரிவும், தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. ஒன்றின் வேலையில் இன்னொன்று கைகோத்து, துறைக்காரருக்கும் எளிதில் தோன்றாத பலன் வந்தால் கதை வேறு. பழைய வாளி குற்றமில்லை.

உலகம் முழுக்கச் செல்லுமா? சென்னை கிண்டி அலுவலகம் தரும் காப்புரிமை இந்திய எல்லையோடு நின்றுவிடும். அந்தந்த நாட்டுக்கு அங்கங்கே வாங்க வேண்டும்.

இனி உட்கார்ந்து சாப்பிடும் கதை. டப்ளினில் தொலைநோக்கி செய்த ஹோவர்ட் க்ரப், துப்பாக்கிக்கான ஒளிக் குறிநோக்கி ஒன்றுக்கு 1900இல் காப்புரிமை பெற்றார். சாய்த்து வைத்த கண்ணாடியில் எதிரொளிக்கும் குறி, தொலைவிலுள்ள இலக்கின்மேலேயே மிதப்பதுபோலத் தெரியும். கண் கொஞ்சம் விலகினாலும் குறி தப்பாது. இன்றைய சிவப்புப் புள்ளிக் குறிநோக்கிகளுக்கும் அதே தத்துவந்தான். ஆனால் ஜெர்மன் போர் விமானங்களில் இந்த வகைக் குறிநோக்கி ஏறியது 1918இல். அன்றைய பிரிட்டிஷ் காப்புரிமைக்கோ ஆயுள் 14 ஆண்டுகள். இங்கே இன்று 20 ஆண்டுகள், விண்ணப்பித்த நாளிலிருந்து. அதுவும் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தவறாமல் கட்டிவந்தால்தான்.