இரயில் வருமுன் கடைவீதிக்கு இடம் கேட்போம்

பெரம்பலூருக்கு இரயில் வேண்டும் என்பது நம் பகுதி வணிகர்களின் நெடுநாளைய கோரிக்கை. பக்கத்து அரியலூர் வழியாக விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் ஓடுகிறது. பெரம்பலூர் நகருக்கோ இன்றுவரை இரயில் நிலையம் கிடையாது. நம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் லாரியை நம்பியே வெளியூர் போகின்றன. எனவே இரயில் கேட்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் நிலையம் கேட்கும்போதே, அதன் வாசலில் யார் கடை வைப்பது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. நிலையம் வந்தால் ஜனம் வரும். அந்த ஜனம் நம் கடைக்கு வருமா என்பது வேறு கேள்வி.

சென்னை மாம்பலத்தைப் பாருங்கள். 1920களில் தியாகராய நகர் உருவானது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் ரோட்டுக்குப் போகும் வழி ரங்கநாதன் தெரு. இரயிலில் இறங்கியவர்கள் நடந்த அந்தக் குறுகிய தெரு, தமிழ்நாடே அறிந்த கடைவீதியாகிவிட்டது. அகலமான சாலை, கார் நிறுத்த இடம் எதுவும் இல்லாமலே வியாபாரம் நடந்தது. பாத்திரம், துணி, வளையல் எல்லாம் கால்நடையாக வந்தவர்கள் வாங்கியதுதான். பிறகு அதே தெருவில் பல மாடிக் கடைகள் எழுந்தன. 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. முதியவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அது நல்ல வசதி. ஆனால் அதில் ஏறியவர் எந்தக் கடை வாசலையும் மிதிக்காமல் பஸ் ஏறிவிடலாம். ஜனம் நடக்கும் பாதை மாறினால் வியாபாரமும் மாறும்.

ஜப்பானிலும் இதுவே பாடம். அங்கே புறநகர்ச் சிறு நிலையங்கள் பலவற்றில், வாசலிலேயே கடைவீதி தொடங்கும். 'ஷோத்தெங்காய்' என்பது அதன் பெயர். வேலை முடிந்து வருபவர்கள் காய்கறி, மீன், மருந்து எல்லாம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாங்கிக்கொள்வார்கள். பெரிய கடை திறப்பவர் உள்ளூர் வணிகர்களின் கருத்தையும் கேட்டே இடப்பரப்பையும் நேரத்தையும் முடிவு செய்யும்படி ஒரு சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் வற்புறுத்தலுக்குப் பின் அது தளர்ந்து, 2000இல் நீக்கப்பட்டது. மக்கள் காரில் போய் ஊருக்கு வெளியே வாங்கப் பழகினார்கள். வயதான கடைக்காரர்களுக்குப் பிறகு கடையை நடத்தப் பிள்ளைகள் முன்வரவில்லை. இன்று பல ஊர்களில் அந்த வீதிகளுக்கு 'ஷட்டர் தெரு' என்றே பெயர். இரயில் அதே நிலையத்தில் நிற்கிறது. கடைகள்தான் மூடிக் கிடக்கின்றன!

இதில் நாம் சிந்திக்க வேண்டியது என்ன? சட்டம் காக்கும் என்று மட்டும் இருந்துவிட முடியாது. இடம் ஒதுக்கும்போதே நாம் விழித்திருக்க வேண்டும்.

நாளை எந்த வரைபடம் வந்தாலும் நம் சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். நிலைய வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள நடைவழியில் சிறு கடைகளைக் கட்டி, உள்ளூர் வணிகர்களுக்கு ஒருவருக்கு ஒரு கடை வீதம் நியாயமான வாடகைக்கு விட வேண்டும். ஊரின் இரு பக்கத்துக்கும் வாசல் வேண்டும். மொத்த வியாபாரிகள் சரக்கு ஏற்றி இறக்கத் தனிப் பாதையும் லாரி நிற்க இடமும் வேண்டும்.

இரயில் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எறையூரில் சர்க்கரை ஆலை நெடுங்காலமாக இருக்கிறது. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டு, காலணிப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலை பஸ் நிற்கும் இடமே இன்றைக்கு எறையூரின் நிலையம். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு வேண்டியது கால் கிலோ பருப்பு, ஒரு கட்டுக் கீரை, பிள்ளைக்கு ஒரு நோட்டு. அந்த நேரத்தில் நம் கடையில் விளக்கு எரிய வேண்டும். எடை சரியாக இருக்க வேண்டும். விலை எழுதித் தொங்க வேண்டும். பஸ் புறப்படுமுன் பொட்டலம் கைக்குப் போய்விட வேண்டும்.

இன்று பஸ் நிறுத்தத்தில் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பவரே நாளை நிலைய வாசலில் கடை கேட்கத் தகுதி உள்ளவர். வணிகப் பெருமக்கள் இதை அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசி, மனுவில் சேர்க்க வேண்டுகிறோம்.