அக்கி எழுதுவதும் அக்கி மருந்தும்

நம் நாட்டில் ஒருவருக்கு அக்கி கண்டுவிட்டால், உடனே குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியைக் குழைத்து "அக்கி எழுதி"க் கொண்டு வருகிறார்கள். எழுதினால் மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடுகிறதே என்கிறார்கள். எழுதாதவருக்கும் அப்படித்தானே ஆறுகிறது? பின் காவி செய்த வேலை என்ன? (மண்பாண்டம் செய்கிற தோழர் மீது நமக்குக் கோபமில்லை, அவரை வைத்தியராக்கியது நம் ஜனங்களே.)

எப்போதோ வந்த சின்னம்மைக் கிருமி நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதானபோதோ பலங்குன்றியபோதோ மறுபடியும் கிளம்புவதுதான் அக்கி. இதற்கு அசைக்ளோவிர் என்னும் மாத்திரை இருக்கிறது. 1988-ல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையாரின் குழுவினர் உண்டாக்கியது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். அந்த மூன்று நாளும் காவிக்கே போய்விடுகிறது என்பதுதான் நமது ஆத்திரம்.

அதற்காக மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கி விழுங்குவதும் மௌட்டியமேயாகும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், தினம் 5 வேளை, 7 நாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இவ்வளவு ஆகாது; டாக்டர்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தாராளமாய்க் குடிக்க வேண்டும். கொப்புளம் வற்றிவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்டாலோ கண் பார்வையே போகக்கூடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.