தூக்கிலிடுவோன் நினைவாக

போலந்து நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஹூபர்ட் வாக்னர் நினைவுக் கைப்பந்துப் போட்டியில், அழைக்கப்பெற்ற நாடுகளின் ஆடவர் அணிகளே ஆடும். உலகப் பட்டம் எதுவும் அதில் இல்லை. பெரும் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் களம் அது.

அன்பர்களே, 2002இல் மறைந்த வாக்னரோ ஆயத்தத்தையே போராகக் கருதிய பயிற்சியாளர். எடைகளைச் சுமந்தவாறே வீரர்களைத் துள்ளிக் குதிக்கச் செய்தார். 'தூக்கிலிடுவோன்' என்பது அவருக்கு வாய்த்த பட்டப்பெயர்! 1974இல் உலக வாகையர் பட்டம். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் தங்கம். அங்கு அரையிறுதியில் ஜப்பானையும் இறுதியில் சோவியத் அணியையும் 3-2 என்றே வென்றனர். ஐந்தாம் சுற்றிலும் வீரர்தம் கால்கள் தளரவில்லை.

இதனைப் படித்துப் பிரம்பைத் தேடும் தந்தையர் சற்றுப் பொறுத்தருள்க. வாக்னர் வருத்தியது நாட்டின் அணிக்கெனத் தேர்வான வளர்ந்த ஆடவரை, பள்ளிச் சிறுவரையன்று.