கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கம்மா, நாளைக்கு மிஸ் கேப்பாங்க." நாம் என்ன செய்கிறோம்? சுற்றுலாவோ, ஆண்டு விழாவோ, மருத்துவ முகாமோ, எதுவென்று பார்க்காமலே பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். தச்சநல்லூரிலும் சரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையிலும் சரி, பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம்.

அந்தத் தாள் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவமாக இருந்தால்? 2025 மார்ச் மாதம் தாக்கல் செய்யப்பட்ட தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்த 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆகவே, இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வரும் கேள்விதான். படிக்காமல் கையெழுத்திடுவது ஒரு தவறு. படிக்காமல் மறுப்பது மற்றொரு தவறு. இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில் நோயைப் பற்றி. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தரும் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். ஞாயிறு திருப்பலியில் நாம் செலவிடும் ஒரு மணி நேரத்திற்குள் நம் நாட்டில் ஒன்பது பெண்கள் இந்நோயால் உயிரிழக்கிறார்கள் என்பது இதன் பொருள். இறப்பவர்களில் பலர் பள்ளி செல்லும் பிள்ளைகளை உடைய தாய்மார்கள்.

இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்னும் எண்களால் குறிக்கப்படும் இரண்டு மட்டுமே பத்தில் ஏழு நோயாளிகளுக்குக் காரணமாகின்றன. தொற்றுக்கு ஆளாகும் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும், சுவர் இடுக்கில் விழுந்த ஆலம் விதைபோல, பதினைந்து இருபது ஆண்டுகள் சத்தமின்றித் தங்கிப் புற்றாக மாறுகிறது. வைரஸ் உடலுக்குள் வருமுன்னே ஊசி போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும். 9 முதல் 14 வரையுள்ள வயது தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

பயன் உண்டா? ஸ்காட்லாந்தில் 2008 முதல் பள்ளிகளில் இத்தடுப்பூசி போடப்படுகிறது. அங்கு 12 அல்லது 13 வயதில் அதைப் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் வரவில்லை என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே உள்ளது. நம் நாட்டில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் ஊசியின் புரதம் ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிரில் வளர்க்கப்படுகிறது. வேறு சில தடுப்பூசிகளைக் குறித்துக் கத்தோலிக்கர் எழுப்பும், கருக்கலைப்போடு தொடர்புள்ள செல்கள் பற்றிய கேள்வி இங்கே எழவில்லை.

ஆயினும் நம் இல்லங்களில் தயக்கம் ஒன்று உண்டு. இத்தொற்று தாம்பத்திய உறவு வழியாகப் பரவுவது. "கள்ளங்கபடமில்லாத பிள்ளைக்கு இது எதற்கு? நாமே தவறான வழியைக் காட்டுவதாகாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இது ஏளனத்துக்குரிய கேள்வி அல்ல. கனடாவின் கால்கரி நகரிலும் இதே அச்சம் எழுந்தது. அங்கிருந்த ஆயரின் வழிகாட்டுதலை ஏற்று, 2008இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் இத்தடுப்பூசி முகாம்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. விளைவு என்ன? மற்றப் பள்ளிகளின் மாணவியரைவிட நம் பள்ளிகளின் மாணவியரே குறைவாகத் தடுப்பூசி பெற்றனர். 2012இல் அப்பள்ளி வாரியமே வாக்கெடுப்பு நடத்தித் தடையை நீக்கியது. தடுப்பூசி பெற்ற சிறுமியர் ஒழுக்கம் தவறுகிறார்கள் என்பதற்குப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

வேறொன்றையும் நாம் மறக்கலாகாது. கணவன் ஒருவனுக்கே உண்மையாக வாழ்ந்த மனைவிக்கும், அவனிடமிருந்து இத்தொற்று வரலாம். நோயுற்ற பெண்ணின் நடத்தையை ஐயுறுவது அநீதி. பண்பையும் கட்டுப்பாட்டையும் பிள்ளைக்குக் கற்பிப்பது பெற்றோரின் கடமை. அக்கடமையை எந்த ஊசியும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை; எந்த ஊசியும் நமக்காக நிறைவேற்றப் போவதுமில்லை.

அப்படியானால் கேள்வியின்றிக் கையெழுத்திடலாமா? அதுவும் கூடாது என்பதை நம் நாட்டு வரலாறே சொல்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் பாத் என்னும் அமெரிக்க அமைப்பு இத்தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமியருக்குச் செலுத்தும் திட்டம் ஒன்றை நடத்தியது. ஏழு சிறுமியர் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. அம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் வேறொரு குற்றம் வெளிப்பட்டது. கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைப் பழங்குடிச் சிறுமியர் பலரின் படிவங்களில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து நல்லதாக இருந்தும், ஏழைப் பெற்றோரை மதிக்காததால் நம்பிக்கை சிதைந்தது. இத்திட்டம் மக்களிடம் வந்து சேரவும் பல ஆண்டுகள் தாமதமாயிற்று.

அப்போது நின்றுபோன மற்றோர் ஆய்வில் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கை மருத்துவமனையும் பங்கேற்றிருந்தது. பாதியில் நின்றதால், பல சிறுமியருக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்திருந்தது. அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்த ஒரு தவணையே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து காத்தது தெரிய வந்தது. 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு தவணையே போதும் என்று ஏற்றுக்கொள்ள இந்தியச் சிறுமியரின் இச்சான்றும் துணைநின்றது. அவர்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி நம் பள்ளிகளில் போடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் உண்டு. விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் வதந்தி வேர்விடுகிறது.

எனவே, நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தைக் கொடுத்தனுப்புவதற்கு முன் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பீடி சுற்றும் தாய் பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாலையில், அல்லது ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு மன்றத்தில் கூட்டுங்கள். மருத்துவர் ஒருவரோ கிராமச் செவிலியரோ வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். விடுதிப் பிள்ளைகள் என்றால், அவர்களது பெற்றோரின் சம்மதமே சம்மதம். அருட்சகோதரியின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. பெற்றோரும் கேட்கத் தயங்க வேண்டாம்: என்ன ஊசி? யார் போடுகிறார்கள்? ஒவ்வாமை இருந்தால் யாரிடம் சொல்வது? ஊசி போட்ட கையில் வலியும், சிலருக்கு மயக்கமும் வரலாம். ஆகவே பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வரவும், ஊசிக்குப் பின் கால் மணி நேரமாவது உட்காரவும் வேண்டும்.

மகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று தாய் தன்னை மறந்துவிடவும் கூடாது. அவருக்குத் தேவை பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை செய்யப்பட்டது. அதனால் இந்நோய் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தமிழக அரசும் இத்தகைய சோதனையைத் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் விரிவாக்கியது. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை. வெட்கமும் நேரமின்மையும்தான் தடை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண்ணும், பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒரே நாளில் நலம் பெறுகிறார்கள். கூட்டத்திற்கு அஞ்சி மறைவாக வந்த அப்பெண்ணை, இயேசு வெட்கப்படுத்தவில்லை. மகளே என்று அழைத்தார். நம் வீட்டிலும் ஒரு தாயும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அந்தத் தாள் வரும் மாலையில், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதை வாசிக்கட்டும். தந்தையும் உடனிருக்கட்டும். அதன்பின் இடப்படும் கையெழுத்தே உண்மையான சம்மதம்.