உயிரணுவின் தன்செரிமானமும் முதுகெலும்பு வாதமும்

உயிரணு தன்னுள் பழுதுற்ற பகுதிகளையும் உருக்குலைந்த புரதங்களையும் மெல்லிய சவ்வுப் பையொன்றில் பொதிந்து, செரித்து, மீண்டும் பயன்படுத்திக் கொள்கின்றது. தன்செரிமானம் எனத்தகும் இச்செயலுக்கு 1963-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பட்டினியிட்டு இதன் இயக்கத்தை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டினி என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, உபவாசம் இருந்தால் வாத நோய்கள் யாவும் அகலும் என்ற பேச்சு பரவி வருகின்றது. முதுகெலும்பை இறுகச் செய்யும் அழற்சி வாதத்தைப் பொறுத்தமட்டில் இப்பேச்சுக்குத் தக்க ஆதாரம் இல்லை. இதனை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்துமாகும்.

இந்நோய்க்கும் எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபுக்கூறுக்கும் உள்ள தொடர்பு 1973-இல் வெளிப்பட்டது. அது தோற்றுவிக்கும் புரதம் சரிவர மடியாமல் உயிரணுவினுள் தேங்கும் இயல்புடையது. தேங்கியதை அகற்றத் தன்செரிமானத்தை முடுக்கிவிட்டாற் போதுமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. நோயாளிகளின் குடற்சுவரில் தன்செரிமானம் குன்றியிருக்கவில்லை, மிகுந்தே இருந்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-23 தோன்றுவதற்கும் அதுவே துணை நின்றது. குப்பை அள்ளுபவனே நெருப்பும் வைக்கிறான் போலும்!

அவ்வாறாயின் இன்டர்லூக்கின்-23-ஐத் தடுத்தால் நோய் தணிய வேண்டுமன்றோ? அதனைத் தடுக்கும் மருந்துகள் குடலழற்சிக்கும் தோல் நோய்க்கும் பயன்பட்டன. முதுகெலும்பு நோய்க்கான சோதனைகளில் பயன் தரவில்லை. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுப்பவையோ பயன் தந்தன. ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே உள்ள தொலைவு இத்தகையது.

களப் பணியாளரும் ஆசிரியரும் இன்று செய்யக்கூடியது வேறு. இந்நோய் பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகின்றது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலியைச் சுளுக்கு என்று கருதி, எண்ணெய் தேய்த்துப் படுக்க வைப்பதே வழக்கமாக உள்ளது. படுக்கையோ இவ்வலியை மிகுவிக்கும், உடற்பயிற்சி தணிக்கும். குருதிச் சோதனை ஒன்றைக் கொண்டு முடிவு கட்டுவதும் தகாது. எச்.எல்.ஏ.-பி27 உடையோருள் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதேயில்லை. விடியலில் முதுகு எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது, நடமாடினால் குறைகிறதா என்னும் இரு கேள்விகளைக் கேட்டு, ஐயம் எழுந்தால் மூட்டுநோய் மருத்துவரிடம் அனுப்புவது எவர்க்கும் இயலும். பிணைந்து ஒன்றாகிவிட்ட முள்ளெலும்புகளைப் பிரிக்கும் மருந்து இதுகாறும் இல்லை.